ஆத்தும ஆதாயம் செய்யாதவன் கிறிஸ்தவன் இல்லையா?

பெருங்குடியில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கும் இளைஞர் எழுதியிருக்கிறார். அவருடைய சபையில் ஜனவரி முதல் ஞாயிறு ஆளுக்கொரு அட்டை கொடுத்து, இந்த வருடம் ஆதாயப்படுத்தப்போகும், அதாவது இயேசுவிடம் கொண்டுவரப்போகும், ஐந்து பேரின் பெயரை எழுதச் சொன்னார்களாம். இவருடைய அட்டை இன்னும் காலி. ‘ஆத்தும ஆதாயம் செய்யாதவன் கிறிஸ்தவனே இல்லை’ என்று கேட்டுக் கேட்டு, ஞாயிற்றுக்கிழமை என்றாலே வயிற்றைக் கலக்குகிறது என்கிறார். சுவிசேஷம் சொல்வது ஊழியக்காரரின் வேலையா, சபையின் வேலையா, என்னுடைய வேலையா? சொல்லாமல், ஒழுங்காக வாழ்ந்தால் மட்டும் போதாதா? அலுவலகத்தில் பேசினால் சட்டச் சிக்கல் வருமா? இவைதான் அவர் கேள்விகள்.

தம்பி, அந்த அட்டையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அதைக் காலியாக வைத்ததற்காக நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. ஐந்து பேரையும் சரியாகத் தெரியாமலே ஐந்து பெயர் எழுதிக் கொடுத்தவர்களைவிட நீங்கள் உண்மையாக நடந்திருக்கிறீர்கள். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, நானும் அந்த வழியாக வந்தவன்தான்.

எண்பதுகளின் கடைசியில் எங்கள் வாலிபர் சங்கத்துக்குச் சனிக்கிழமை சாயங்காலம் கைப்பிரதி ஊழியம், அதாவது இயேசுவைப் பற்றிய துண்டுத்தாள் கொடுப்பது. எழும்பூரில் மின்சார ரயில் ஏறி, பெட்டி பெட்டியாக மாறிக் கொடுத்துக்கொண்டே தாம்பரம் வரை போவோம். ஒரு நாள் சைதாப்பேட்டை தாண்டியதும் வேர்க்கடலை விற்கிற பையன் ஒருவன் பக்கத்தில் வந்து நின்றான். ஒரு பிரதியை நீட்டினேன். முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தான். ஓரத்தைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினான். பொட்டலம் நிற்கிறதா என்று உள்ளே விரலை விட்டுப் பார்த்தான். “அண்ணே, மிச்சம் இருந்தா மொத்தமா குடுத்துடுங்க. சைஸ் கரெக்டா இருக்கு” என்றான். கொடுத்துவிட்டேன். அன்று ராத்திரி ‘முந்நூறு பிரதிகள் விநியோகம்’ என்று செயலாளர் நோட்டில் எழுதினார். நானும் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பையனின் பெயர் என்ன, எங்கே தங்குகிறான் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்பது பல வருடம் கழித்துத்தான் உறைத்தது.

கைப்பிரதியை நான் கேலி செய்யவில்லை. ரயிலில் வாங்கிய பிரதியைப் பர்ஸில் ஆறு மாதம் மடித்து வைத்திருந்து, அப்புறம் சபையைத் தேடி வந்த ஒருவரை எனக்குத் தெரியும். என் வருத்தம் அந்த நோட்டின்மேல்தான். எதை எண்ண முடிந்ததோ அதை எண்ணிவிட்டு, அதற்கு ஆத்தும ஆதாயம் என்று பேர் வைத்துக்கொண்டோம். ‘ஆத்துமாக்களை ஆதாயப்படுத்திக்கொள்ளுகிறவன் ஞானமுள்ளவன்’ என்று நீதிமொழிகளில் வருவது உண்மைதான். ஆனால் இன்றைக்கு ஆதாயம் என்றால் நம் காதில் விழுவது கடைக்காரரின் கணக்கு. கத்தோலிக்கச் சகோதரர்கள் ‘நற்செய்தி அறிவிப்பு’ என்கிறார்கள். அறிவித்தல் என்ற சொல்லில் கணக்கு இல்லை. அது எனக்குப் பிடித்திருக்கிறது.

சரி, வேதத்துக்கு வருவோம். சுவிசேஷகர் என்ற சொல் புதிய ஏற்பாடு முழுக்கத் தேடினாலும் மூன்றே இடங்களில்தான் வருகிறது. அப்போஸ்தலர் 21-ல் பிலிப்புவுக்கு அந்தப் பட்டம் இருக்கிறது. இரண்டாம் தீமோத்தேயு 4-ல் பவுல் தீமோத்தேயுவிடம் அந்த வேலையைச் செய்யச் சொல்கிறார். எபேசியர் 4-ல் வரங்களின் வரிசையில் ‘சிலரைச் சுவிசேஷகராகவும்’ என்று வருகிறது. அந்தச் ‘சிலரை’ என்ற சொல்லை நம் பிரசங்கிகள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறார்கள். அந்நியரிடம் போய்ப் பேச்சுக் கொடுத்து, ஐந்தே நிமிடத்தில் இயேசுவைப் பற்றிச் சொல்லிவிடக் கூடியவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். எங்கள் சபையில் ஒரு பாட்டி இருந்தார். ரேஷன் கடை வரிசையில் நின்றால் சர்க்கரை வாங்குவதற்குள் முன்னால் நிற்பவர், பின்னால் நிற்பவர் இரண்டு பேருக்கும் ஜெபித்து முடித்திருப்பார். யாருக்கும் அவர்மேல் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. அது வரம். எல்லோரும் அந்தப் பாட்டி மாதிரி ஆக வேண்டும் என்பது எல்லோரும் பாகவதர் மாதிரி பாட வேண்டும் என்பது போலத்தான்.

அப்படியானால் வரம் இல்லாதவர்கள் தப்பித்தோமா? இல்லை. அப்போஸ்தலர் 8-ஐ எடுத்துப் பாருங்கள். ஸ்தேவான் என்ற விசுவாசி கல்லெறிந்து கொல்லப்பட்ட பிறகு எருசலேமில் துன்பம் வருகிறது. ‘அப்போஸ்தலர் தவிர, மற்ற யாவரும்’ சிதறிப் போகிறார்கள். மூன்று வசனம் தள்ளி, சிதறிப் போனவர்கள் எங்கும் திரிந்து வசனத்தைச் சொன்னார்கள் என்று இருக்கிறது. அதாவது, முழுநேர ஊழியர்கள் ஊரிலேயே இருந்தார்கள்; உயிருக்குப் பயந்து மூட்டை முடிச்சோடு ஓடியவர்கள்தான் சுவிசேஷத்தைச் சமாரியாவுக்குக் கொண்டுபோனார்கள். யாரும் அவர்களுக்கு அட்டை கொடுத்து அனுப்பவில்லை. போன இடத்தில் ‘ஏன் இங்கே வந்தீர்கள்?’ என்று கேட்டிருப்பார்கள். காரணத்தைச் சொல்லியிருப்பார்கள்.

மாற்கு 5-ல் பிசாசு பிடித்திருந்த கதரேனர் நாட்டு மனிதன் குணமானதும் இயேசுவோடேயே வந்துவிடுகிறேன் என்று கெஞ்சுகிறான். இயேசு அனுமதிக்கவில்லை. ‘உன் இனத்தாரிடத்தில் உன் வீட்டுக்குப்போய்’ உனக்கு நடந்ததைச் சொல் என்கிறார். முழுநேர ஊழியத்துக்கு மனுப்போட்டவனை அவர் வீட்டுக்குத் திருப்பி அனுப்பின இடம் அது. அவனுக்கு உபதேசம் எதுவும் தெரியாது. நடந்தது மட்டும் தெரியும். சாட்சி என்றால் அவ்வளவுதான். ஐகோர்ட்டில் சாட்சிக் கூண்டில் ஏறினவர் வக்கீல் மாதிரி வாதாட ஆரம்பித்தால் நீதிபதியே நிறுத்திவிடுவார்.

‘நீங்கள் புறப்பட்டுப்போய், சகல ஜாதிகளையும் சீஷராக்கி’ என்ற மத்தேயு 28 வசனத்தைத்தான் உங்களிடம் அடிக்கடி நீட்டியிருப்பார்கள். கிரேக்க மூலத்தில் அதில் இருக்கிற கட்டளை வினை ஒன்றுதான்: சீஷராக்குங்கள். போவதும் ஞானஸ்நானம் கொடுப்பதும் போதிப்பதும் அதைச் சுற்றி வருகிற செயல்கள். இத்தனையும் ஒரு தனி ஆளால் ஆகிற காரியமா? ஒருவரைக் கூடவே வைத்து, கல்யாணம், சாவு, கடன், சண்டை எல்லாவற்றிலும் இயேசுவின் வழியைக் கற்றுக்கொடுக்க ஒரு கூட்டம் வேண்டும். அதற்குத்தான் சபை. ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: சாட்சி எல்லோருக்கும் உரியது, சுவிசேஷகர் சிலர், சீஷராக்குவது சபை. மூன்றையும் ஒன்றாகக் கலந்து ஒவ்வொரு விசுவாசியின் தலையிலும் வைக்கும்போதுதான் உங்களுக்கு வருகிற வயிற்றுக் கலக்கம் வருகிறது.

நம் ஊர்ச் சபைகளில் நான் பார்ப்பது வேறு மாதிரி. ஒரு பக்கம் மேடை: மைதானத்தில் நற்செய்திப் பெருவிழா, சுவரொட்டி, ஒலிபெருக்கி. இன்னொரு பக்கம் கவர்: மிஷனரி காணிக்கையைப் போட்டு ஒட்டிக் கொடுத்துவிட்டால் ஒடிசாவில் யாரோ ஒருவர் நமக்காக ஊழியம் செய்துவிடுவார். மூன்றாவது, தனி மனிதனின் குற்ற உணர்வு. இந்த மூன்றுக்கும் நடுவில் இருக்க வேண்டிய சபை, வெளி ஆள் ஒருவர் வந்து உட்கார்ந்து மூச்சுவிடக் கூடிய சபை, அதைத்தான் காணோம்.

மிஷனரி கவரைக் குறை சொல்லவில்லை. வே. ச. அசரியா 1902-ல் யாழ்ப்பாணம் போனார். அங்கிருந்த தமிழர்கள் தாங்களே காசு சேர்த்து இந்தியாவுக்கு ஊழியரை அனுப்புவதைப் பார்த்து, திருநெல்வேலிக்காரருக்கு வெட்கமாகிவிட்டது. அடுத்த வருடமே இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. நம் ஆட்கள், நம் பணம், நம் நிர்வாகம். 1912-ல் அவர் இன்றைய தெலங்கானாவில் இருக்கிற தோர்ணக்கல்லில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். ஞானஸ்நானம் எடுப்பவர்கள் தங்கள் தலையில் தாங்களே கை வைத்து, ‘நான் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவன்; சுவிசேஷத்தை நான் பிரசங்கியாதிருந்தால் எனக்கு ஐயோ’ என்று சொல்லும்படி அவர் பழக்கியிருந்தார். பவுலின் வசனம் அது; உங்களைப் பயமுறுத்துகிற அதே தொனிதான். ஆனால் அதைச் சொன்னவர்கள் நிலமில்லாத கூலி ஜனங்கள். அடுத்த ஊரில் இருக்கிற மச்சானிடமும் அத்தையிடமும் போய்ச் சொன்னார்கள். கேட்டவர்கள் இவர்களைக் குழந்தையிலிருந்தே அறிந்தவர்கள்; என்ன மாறியிருக்கிறது, மாறவில்லை என்று கண்ணால் பார்க்கக் கூடியவர்கள். அங்கே அந்த வசனத்தைச் சுமக்க ஒரு உறவு வலை இருந்தது. பெருங்குடி அலுவலகத்தின் ஏழாவது மாடியில் ஒருவருக்கு அது இருக்காது.

இந்த விவாதம் சென்னைக்குப் புதிதல்ல. 1837-ல் ஸ்காட்லாந்து மிஷனரி ஜான் ஆண்டர்சன் இங்கே ஒரு பள்ளி ஆரம்பித்தார். மாணவர்களை நேரடியாக இயேசுவிடம் அழைப்பதே அதன் நோக்கம். 1841-ல் மாணவர்கள் சிலர் ஞானஸ்நானம் எடுத்ததும் ஊர் கொதித்தது, பள்ளி காலியாகிவிட்டது. 1862-ல் வந்த வில்லியம் மில்லர் அந்தப் பள்ளியைச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்த்தார். அவர் பாதை வேறு. எத்தனை பேர் மாறினார்கள் என்று எண்ணாதே, கிறிஸ்துவின் சிந்தனை புளித்த மாவு மாதிரி இந்தச் சமூகத்துக்குள் பரவட்டும் என்றார். தாய்நாட்டுச் சபையில் பலருக்கு அது பிடிக்கவில்லை. ‘காசைக் கொட்டுகிறோம், ஆத்துமா எங்கே?’ என்று கேட்டார்கள். இதில் எனக்குப் பிடித்த சங்கதி என்னவென்றால், அந்த மில்லரிடம் படித்த வெங்கல் சக்கரை என்கிற இளைஞர் 1903-ல் தானாக வந்து ஞானஸ்நானம் எடுத்தார். வக்கீல், தொழிற்சங்கவாதி, பிற்பாடு சென்னை மேயர், தமிழ்நாடு கண்ட கூர்மையான கிறிஸ்தவச் சிந்தனையாளர்களில் ஒருவர். நெருக்காத ஆசிரியரிடமிருந்து வந்தவர் அவர்.

1938 டிசம்பரில், தாம்பரத்துக்கு இடம் மாறிவிட்ட அதே கல்லூரி வளாகத்தில் உலக மிஷனரி மாநாடு கூடியது. சுவிசேஷம் மற்ற மதங்கள் எதனோடும் தொடர்ச்சியில்லாத ஒன்று என்று ஹாலந்துக்காரர் ஹென்ரிக் கிரேமர் வாதிட்டார். சக்கரையும் நீதிபதி செஞ்சையாவும் அவர்களுடைய நண்பர்களும் அதை எதிர்த்து ஒரு புத்தகமே போட்டிருந்தார்கள். அவர்களுடைய கவலை இதுதான்: இந்து வீட்டில் பிறந்து கிறிஸ்துவிடம் வந்த எங்களை, பிறந்த வீட்டையே இருட்டு என்று சொல்லச் சொல்கிறீர்களே. அந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று இங்கே தீர்க்கப் போவதில்லை (நான் பாதிப் பாதி). ஆனால் பக்கத்து இருக்கைக்காரரின் சாமியைத் திட்டிவிட்டுத்தான் சுவிசேஷம் ஆரம்பிக்கும் என்று நினைக்கிறவர்கள் தாம்பரத்தில் நடந்த அந்தப் பேச்சைக் கொஞ்சம் படிக்கலாம்.

அப்புறம் ஜாதி. இதைச் சொல்லாமல் சென்னையில் சுவிசேஷத்தைப் பற்றி எழுதுவது ஏமாற்று வேலை.

‘சகல ஜாதிகளையும்’ என்று நம் பழைய மொழிபெயர்ப்பில் வருவதற்கு எல்லா இனத்தாரும், எல்லா நாட்டாரும் என்று பொருள். இன்றைக்கு அதை வாசித்தால் காதில் விழுவது வேறு. அப்படியே விழட்டும் என்றுகூட எனக்குத் தோன்றும்.

சில வருடங்களுக்கு முன் வியாசர்பாடியிலிருந்து ஒருவர் நான் போய்க்கொண்டிருந்த சபைக்கு வந்தார். ஏ.சி. மெக்கானிக். முப்பது வயது இருக்கும். அவரை யாரும் ஆதாயப்படுத்தவில்லை. பைபிளை அவராகவே வாசித்து, ஆலயம் எப்படி இருக்கும் என்று பார்க்க வந்திருந்தார். முதல் ஞாயிறு ஆராதனை முடிந்து தேநீர் மேஜையருகே நின்றபோது ஒரு பெரியவர் அன்பாகத்தான் கேட்டார்: “தம்பிக்குச் சொந்த ஊர் எது?” “வியாசர்பாடிங்க ஐயா.” “இல்ல, பூர்வீகம்?” “அதான் ஐயா, தாத்தா காலத்துலேர்ந்து வியாசர்பாடிதான்.” பெரியவர் தலையாட்டிவிட்டு நகர்ந்தார். அடுத்த ஞாயிறு ஒரு அம்மா அதே கேள்வியைக் கேட்டார். மூன்றாவது ஞாயிறு, நாசரேத், மெஞ்ஞானபுரம், சாயர்புரம் என்று தென் மாவட்டக் கிறிஸ்தவ ஊர்களைப் பற்றிப் பேச்சு ஓடிக்கொண்டிருந்த ஒரு கூட்டத்தின் ஓரத்தில் அவர் கையில் காகிதக் கோப்பையோடு நின்றார். யாரும் அவரை அவமானப்படுத்தவில்லை. ஒரு கடுஞ்சொல்கூட இல்லை. நான்காவது ஞாயிறு அவர் வரவில்லை. நான் அவருடைய எண்ணை வாங்கி வைத்திருந்தேன், கூப்பிட்டேன். “வேலை ஜாஸ்தி சார்” என்றார். நானும் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அந்த வருடமும் நாங்கள் அட்டை நிரப்பினோம்.

1948 டிசம்பரில், மதத்தைப் பரப்பும் உரிமை வேண்டுமா என்று அரசியல் நிர்ணய சபையில் விவாதம் வந்தபோது அதை ஆதரித்துப் பேசியவர்களில் டி. டி. கிருஷ்ணமாச்சாரி ஒருவர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர். கிறிஸ்தவக் கல்வி நிலையங்களில் சுமார் 14 வருடம் படித்தேன், என்னை மதம் மாற்ற யாரும் முயலவில்லை என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார்: பலர் கிறிஸ்தவத்துக்குப் போனதற்கு ஒரு காரணம் அது அவர்களுக்குத் தந்த மதிப்பு, தீண்டத்தகாதவனாக இருந்தவன் கிறிஸ்தவன் ஆனதும் சமமானவன் ஆனான், அதை ஏன் மறக்க வேண்டும் என்றார். ஒரு இந்துத் தலைவர் நமக்குக் கொடுத்த நற்சான்றிதழ் அது. அதைக் கையில் வாங்க நமக்கு முழுத் தகுதி இருந்ததா என்பதை வியாசர்பாடிக்காரரிடம்தான் கேட்க வேண்டும்.

மதிப்பும் நிலமும் சுவிசேஷத்துக்குச் சம்பந்தமில்லாத சங்கதிகள் என்று சொல்கிற ஆவிக்குரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1890 வாக்கில் செங்கல்பட்டு மாவட்டத்தில் ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி போன்ற மிஷனரிகள் சேரி மக்களின் நிலைமையைத் திரும்பத் திரும்ப எழுதினார்கள். கலெக்டர் ட்ரெமென்ஹியர் 1891-ல் அறிக்கை கொடுத்தார். மறு வருடம் அரசு அவர்களுக்கு நிலம் ஒதுக்க முன்வந்தது. இன்றைக்குப் பஞ்சமி நிலம் என்கிறோமே, அதுதான். கௌடியும் ஆண்ட்ரூவும் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு இதைச் செய்யவில்லை. பிரசங்கம் பண்ணிக்கொண்டே செய்தார்கள். ‘அரிசிக் கிறிஸ்தவர்’ என்ற ஏளனம் அன்றும் இருந்தது. சோறில்லாதவன் சோறு கொடுக்கிற கடவுளைத் தேடுவதில் என்ன ஏளனம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அதோடு, 1950-ஆம் வருட உத்தரவுப்படி கிறிஸ்தவராகும் தலித்துக்குப் பட்டியல் சாதி உரிமை போய்விடுகிறது. இன்றைய கணக்கில் அவர் இழப்பதுதான் அதிகம். அப்படி இழந்து வருகிறவரிடம் பூர்வீகம் கேட்கிறோம்.

உங்கள் இரண்டாவது கேள்வி: ஒழுங்காக வாழ்ந்தாலே போதாதா? இதில் நான் உங்கள் பக்கம் இல்லை. நீங்கள் லஞ்சம் வாங்காமல், புறம் பேசாமல், ராத்திரி ஷிப்டில் மற்றவர் வேலையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டு இருந்தால், ‘நல்ல பையன், நல்ல வளர்ப்பு’ என்பார்கள். பெருமை உங்களுக்கும் உங்கள் அம்மாவுக்கும் போகும். செய்தி என்றால் யாராவது வாய் திறந்து சொல்ல வேண்டும். அதே சமயம் கேட்காத காதில் ஊற்றுவதும் செய்தி சொல்வதாகாது. 1965 முதல் 1974 வரை சென்னையில் பேராயராக இருந்த லெஸ்லி நியூபிகின் இதை விடாமல் சொல்லிவந்தார்: அப்போஸ்தலர் நடபடிகளில் பிரசங்கங்கள் பெரும்பாலும் யாரோ கேட்ட கேள்விக்குப் பதிலாகத்தான் தொடங்குகின்றன. பெந்தெகொஸ்தே நாளில் ஜனங்கள் ‘இதென்னமாய் முடியுமோ’ என்று ஒருவரையொருவர் கேட்ட பிறகுதான் பேதுரு எழுந்து நிற்கிறார். பேதுரு தன் நிருபத்திலும் அதையே எழுதுகிறார்: உங்களிடம் ‘விசாரித்துக் கேட்கிற யாவருக்கும்’ பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள், ‘சாந்தத்தோடும் வணக்கத்தோடும்’. நம் மேடைகளில் ஆயத்தத்துக்குக் குறைவில்லை. சாந்தத்துக்குத்தான் பஞ்சம்.

சபைக்கும் அதே அளவுகோல்தான். கேள்வி கேட்கும்படி அங்கே ஏதாவது நடக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் நகரத்தின் பல ஆலயங்கள் கதவைத் திறந்து, யார் எவர் என்று கேட்காமல் தங்க வைத்தன. மசூதிகளும் கோயில்களும் அதைச் செய்தன. அந்த வாரம் எங்கள் தெருவில் இருந்த ஒரு சின்னச் சபையின் பாஸ்டரிடம் ‘நீங்க ஞாயித்துக்கிழமை உள்ளே என்னதான் செய்வீங்க?’ என்று கேட்டவர்களின் எண்ணிக்கை, அதற்கு முந்தைய பத்து வருட ஒலிபெருக்கியால் வரவில்லை. பெசன்ட் நகர் வேளாங்கண்ணிக் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்களில் எத்தனை பேர் நெற்றியில் விபூதி. அவர்களை யாரும் வழிமறித்துப் பேசுவதில்லை, கதவு திறந்திருக்கிறது. நம் பிராட்டஸ்டன்ட் ஆலயங்களில் பலவற்றின் கேட், ஞாயிறு மதியம் பூட்டினால் அடுத்த ஞாயிறு காலைதான். துக்கத்தோடு புதன்கிழமை வருகிறவர் வாட்ச்மேனைத்தான் பார்த்துவிட்டுப் போக வேண்டும்.

இனி சட்டம். அரசியல் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, பொது ஒழுங்குக்கும் ஒழுக்கத்துக்கும் சுகாதாரத்துக்கும் உட்பட்டு, மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் எல்லோருக்கும் உரிமை தருகிறது. 1977-ல் ஸ்தனிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பரப்பும் உரிமை என்பது தன் மதக் கொள்கைகளை எடுத்துச் சொல்லும் உரிமைதான், இன்னொருவரை மாற்றிவிடும் உரிமை அல்ல என்றது. தமிழ்நாட்டில் 2002-ல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது. 2004-ல் திரும்பப் பெறப்பட்டது. வேறு சில மாநிலங்களில் இப்படிப்பட்ட சட்டம் இருக்கிறது, வேலை மாற்றம் வந்தால் நினைவில் வையுங்கள். அலுவலகத்துக்கு உங்கள் நிறுவனத்தின் நடத்தை விதியும் உண்டு. அதை ஒரு தரம் படித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் சட்டத்தைவிட இறுக்கமான ஒரு விதியை நான் எனக்கு வைத்திருக்கிறேன். எழுந்து போக முடியாதவரிடம் நானாகச் சுவிசேஷம் பேச மாட்டேன். எனக்குக் கீழே வேலை செய்கிறவர், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருப்பவர், என்னிடம் கடன் வாங்கியிருப்பவர், பெற்றோர் பக்கத்தில் இல்லாத பிள்ளை. அவர்களாகக் கேட்டால் சொல்வேன். கேட்காவிட்டால் சாப்பாடு வாங்கிக் கொடுப்பதோடு சரி. நோயாளியின் கட்டிலைச் சுற்றி நான்கு பேர் நின்று சத்தமாக ஜெபித்ததை ஒரு முறை பார்த்தேன். அந்த மனிதர் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டார். அவருக்கு அது நற்செய்தியாக இருந்திருக்க வழியே இல்லை. நம்முடைய யாழ்ப்பாணத்துத் தமிழர் டி. டி. நைல்ஸ், சுவிசேஷம் சொல்வதை ஒரு பிச்சைக்காரர் இன்னொரு பிச்சைக்காரரிடம் ரொட்டி எங்கே கிடைக்கும் என்று சொல்வதோடு ஒப்பிட்டார். உலகமெங்கும் சொல்லித் தேய்ந்துபோன உவமைதான். ஆனாலும் ஒன்று பாருங்கள், அதில் இரண்டு பேரும் ஒரே நடைபாதையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தக் கட்டிலருகே நின்ற நான்கு பேரும் நின்றுகொண்டுதான் இருந்தார்கள்.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், கவனித்தீர்களா தெரியவில்லை. உங்கள் டீமில் பக்கத்து இருக்கையில் இருக்கிற நண்பர், ‘நீ மட்டும் ஏன் ஞாயித்துக்கிழமை காலைல எந்த ஃபோன் காலையும் எடுக்க மாட்டேங்குற?’ என்று கேட்டாராம். ‘வீட்டுல கொஞ்சம் வேலை’ என்று சொல்லிச் சமாளித்தீர்களாம். அட்டை காலி என்று ஆறு மாதமாக வருத்தப்படுகிற நீங்கள், கேள்வி நேராக வந்து நின்றபோது பொய் சொல்லியிருக்கிறீர்கள். திட்டவில்லை, தம்பி. உங்கள் வயதில் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ரயிலில் முந்நூறு அந்நியருக்குத் தாள் கொடுப்பது எனக்கு அதைவிடச் சுலபமாக இருந்தது.

அவர் மறுபடி கேட்பாரோ என்னவோ. காத்திருக்க வேண்டாம். கேன்டீனில் டீ குடிக்கும்போது, ‘அன்னைக்கு வீட்டுல வேலைன்னு சொன்னேன்ல, அது பொய். நான் சர்ச்சுக்குப் போவேன்’ என்று சொல்லிவிடுங்கள். அதற்குமேல் எதுவும் சேர்க்காதீர்கள். அவர் ‘ஓ, சரி’ என்று வேறு பேச்சுக்குப் போனால் நீங்களும் போங்கள். ‘அங்க போய் என்ன பண்ணுவ?’ என்று கேட்டால், உங்களுக்குத் தெரிந்த அளவுக்குச் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். ஒருவேளை அவர் ஒரு நாள் கூட வந்துவிட்டால், தேநீர் மேஜையருகே நீங்கள் அவர் பக்கத்திலேயே நில்லுங்கள். சொந்த ஊர் எது என்று யாராவது கேட்பதற்குள் பேச்சை மாற்றிவிடுங்கள்.